ஒக்கி வருஷத்தில் நின்றுபோன உபுண்டு

2024 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி குலசேகரத்திலிருந்து மாமா கூப்பிட்டார். "மக்களே, கம்ப்யூட்டர்ல பேங்க் பக்கம் தொறக்க மாட்டேங்கு கேட்டியா. பிரவுசர் பழசு, பழசுன்னு எழுதிக் காட்டுது. நாளைக்கு உனக்கு லீவுதானே, ஒண்ணு வந்துட்டுப் போ." மாமாவுக்கு அங்கே ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. ஷீட், ஒட்டுபால், காலையில் கோட்டயம் விலை என்ன, இதுதான் அவர் உலகம். அந்தக் கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தது நான். அதனால் அதற்கு என்ன நோய் வந்தாலும் வைத்தியரும் நான்தான்.

"பழசு" என்று அவர் சொன்ன உடனே வயிற்றில் லேசாகக் கலக்கியது. எப்போது போட்டேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒக்கிக்கு முன்னால். எங்கள் பக்கம் எல்லாக் கணக்கும் இப்போது அப்படித்தான், ஒக்கிக்கு முன்னால் வைத்த தென்னை, ஒக்கிக்குப் பின்னால் கட்டிய வீடு. புயல் அடித்தது 2017 நவம்பர் 30. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 17.10 பதிப்பு வெளியானது அதே வருஷம் அக்டோபர் 19. நான் கல்லூரி கடைசி வருஷம், புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே இறக்கிப் பார்க்கும் வயது, நவம்பர் முதல் வாரம் மாமா கடையில் அதைப் போட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் புயல் வந்து ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்டு இல்லாமல், அந்தக் கம்ப்யூட்டர் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

இதில் என் தப்பு எங்கே என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உபுண்டுவில் இரண்டு விதம் உண்டு. இரட்டைப்படை வருஷம் ஏப்ரலில் வரும் எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து வருஷம் சாதாரண ஆதரவு, அதாவது அப்டேட், கிடைக்கும். நடுவில் வரும் மற்றவற்றுக்கு வெறும் 9 மாதம். நான் போடும்போது 16.04 எல்.டி.எஸ். கையில் இருந்தது, 2021 ஏப்ரல் வரை கவலையில்லாமல் ஓடியிருக்கும். ஆனால் 16-ஐவிட 17 பெரிது இல்லையா? போதாததற்கு 17.10-இல்தான் யூனிட்டி என்ற பழைய திரைத் தோற்றம் போய் நோம் டெஸ்க்டாப் வந்திருந்தது, பார்க்கப் பளபளவென்று இருந்தது. மயங்கிவிட்டேன். 2018 ஜூலையில் அதன் ஆயுள் முடிந்தது. அதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நான் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரையே மறந்துபோனேன். அதுவோ ஆறு வருஷம் ஒரு முனகல் இல்லாமல் பில் அடித்துக்கொண்டே இருந்தது. லினக்ஸின் நல்ல குணமும் அதுதான், கெட்ட குணமும் அதுதான், கேட்க ஆள் இல்லை என்றால் வாயைத் திறக்காது.

சனிக்கிழமை காலை மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறும்போதே மழை. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மழையில் பால்வெட்டு நடக்காது, ஷீட் வராது, கடையில் கூட்டம் இருக்காது. ஷீட் விலை கிலோவுக்கு 200 ரூபாயைத் தொட்டிருந்த நேரம், மாமாவுக்கு அந்த வயிற்றெரிச்சல் வேறு. "வெல இருக்கும்போது வெட்டு இல்ல, வெட்டு இருக்கும்போது வெல இல்ல" என்றபடி கட்டன் சாயாவை நீட்டினார்.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்தேன். பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அது அசல் தளம்தான் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்றது. பேங்க் தளம் மட்டுமல்ல, எல்லாமே. பழைய பிரவுசர் அப்படித்தான் செய்யும் என்று நானே முடிவுகட்டி, போனை ஜன்னலில் வைத்து, சிம்மை மாற்றி, சான்றிதழ்த் தொகுப்பைத் தனியாக இறக்க முடியுமா என்று தேடி, ஒரு மணி நேரம் போக்கினேன். எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா பைய கேட்டார், "தேதி போட்டியா?"

புரியவில்லை. அப்புறம்தான் திரையின் மேல்பக்கம் பார்த்தேன். 2017.

மதர்போர்டில் இருக்கும் பொட்டு மாதிரியான பேட்டரி, சிஆர்2032, செத்துப்போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. கரண்டை நிறுத்தினால் கடிகாரம் எங்கேயோ ஆதிகாலத்துக்குப் போய்விடும், அதைப் பார்த்து சிஸ்டம்டி (லினக்ஸை எழுப்பி ஓட்டும் நிரல்) "நான் உருவானதற்கு முந்தைய நேரமாக இருக்க முடியாதே" என்று தன்னுடைய பிறந்த தேதிக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும். அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த மெஷின் 2017-இல் கண் விழிக்கும். மாமா சாமி கும்பிட்டு, ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரைப் போட்டு, தேதியைக் கையால் திருத்திவிட்டு முதல் பில் அடிப்பார். கையால் மாற்ற வேண்டுமானால் தானாக நேரம் எடுக்கும் வசதியை அணைக்க வேண்டும், அதையும் யாரிடமோ கேட்டு அணைத்துவைத்திருந்தார். இணையம் கிடைத்தபோதும் நேரம் சரியாகாததற்கு அதுதான் காரணம். சான்றிதழ் எல்லாவற்றுக்கும் "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை" என்று ஓர் எல்லை உண்டு, 2017-இல் நின்றுகொண்டு பார்த்தால் 2024-இல் வாங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அப்டேட் வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது "தேதி என்ன காட்டுது?" என்பதைத்தான்.

எதிரில் இருந்த வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைத்தது. போட்டு, நேரத்தைத் தானாக எடுக்கச் சொல்லிவிட்டேன். பிரவுசர் பாதித் தளங்களைத் திறந்தது. பேங்க் தளம் உள்ளே போனபின் வெள்ளைப் பக்கமாக நின்றது. அது உண்மையாகவே 2018-இன் ஃபயர்ஃபாக்ஸ், குற்றம் அதனுடையதுதான். ஆக, மேம்படுத்தாமல் வழியில்லை.

அதற்கு முன்னால் நகல். இதில் நான் கறார். வெளி ஹார்ட்டிஸ்கில் ஹோம் ஃபோல்டரையும் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரையும் அப்படியே எடுத்தேன், என்னென்ன பேக்கேஜ் (மென்பொருள் பொதி) இருக்கிறது என்ற பட்டியலையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தேன் (டிபிகேஜி --கெட்-செலக்‌ஷன்ஸ்). டிஸ்கின் உடல்நிலையை ஸ்மார்ட்சிடிஎல் வைத்துப் பார்த்தேன், பரவாயில்லை. டிஸ்கே சாகக் கிடக்கும்போது பேக்கேஜைத் திட்டிக்கொண்டிருக்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டளைகளை இங்கே காதில் விழுகிற மாதிரி எழுதுகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, சூடோ ஆப்ட் அப்டேட். ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இறக்கிப் போடும் கருவி, இது அதன் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை. திரை முழுக்கச் சிவப்பு. வரிசையாக 404, கடைசியில் "ரிலீஸ் ஃபைல் இல்லை" என்று முடிந்தது. இந்த இடத்தில் பலர் செய்வது என்னவென்றால் கடைசி வரியை மட்டும் எடுத்துத் தேடுவது. கடைசி வரி விளைவு, காரணம் முதல் வரியில் இருக்கும். முதல் வரியில் இருந்தது 404, அதாவது போன முகவரியில் ஆள் இல்லை. ஆயுள் முடிந்த உபுண்டு பதிப்புகளின் பேக்கேஜ்களை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து, ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம் என்ற பழைய கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, இந்திய மிரர் சர்வர் (மூலச் சர்வரின் நகல்) முகவரி இருந்த இடத்திலும் செக்யூரிட்டி முகவரி இருந்த இடத்திலும் இந்தப் பழைய கிடங்கின் முகவரியைப் போட்டேன். செக்யூரிட்டி வரியை மறந்துவிடாதீர்கள், பாதிப் பேர் முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் 404 வருதே" என்று நிற்பார்கள். டெபியனிலும் இதே கதைதான், அங்கே கிடங்கின் பெயர் ஆர்க்கைவ்.டெபியன்.ஆர்க். கூடுதலாக அங்கே சில ரிலீஸ் கோப்புகளில் காலாவதித் தேதி எழுதியிருக்கும், அதைக் கண்டுகொள்ளாதே என்று ஆப்டிடம் தனியாகச் சொல்ல வேண்டிவரும்.

மறுபடியும் அப்டேட். இப்போது முக்கால்வாசி ஓடியது, மூன்று வரி மட்டும் அடம்பிடித்தன. பார்த்தால் நான் 2017-இல் சேர்த்த பிபிஏக்கள், அதாவது உபுண்டுவுக்கு வெளியே தனி ஆட்கள் நடத்தும் பேக்கேஜ் கிடங்குகள். ஒன்று புது லிப்ரெஆஃபீஸுக்கு, சரி. இன்னொன்று ஏதோ வீடியோ கோடெக். மூன்றாவது ஒரு ஐகான் தீம். ரப்பர் ஷீட் கடைக்கு ஐகான் தீம்! அந்த வயதில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டரில் இருந்த மூன்று கோப்புகளையும் வெளியே நகர்த்தினேன். அழிக்கவில்லை, பின்னால் எது எங்கிருந்து வந்தது என்று பார்க்க உதவும்.

அப்டேட் சுத்தமாக முடிந்தது. அப்கிரேட் கொடுத்தேன். முதலில் இருக்கிற 17.10-ஐ அதன் கடைசி நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், பாதியில் நிற்கும் பதிப்பிலிருந்து தாவினால் இடுப்பு ஒடியும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் புதுக் கெர்னலை (லினக்ஸின் மையக் கரு) போடும்போது "ஜிஜிப்: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று ஒரு வரி, அதற்குப் பின்னால் சரசரவென்று பத்துப் பிழை. மாமா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இடம் இல்லியாமா? பின்னால ஷெட்டுல இருக்கே" என்றார்.

டிஎஃப் -எச் போட்டால் முதன்மைப் பகுதியில் முக்கால் டிஸ்க் காலி. நிறைந்திருந்தது பூட் பகுதி, மெஷின் எழும்போது முதலில் தேடும் கோப்புகள் இருக்கும் இடம். 2017-இல் எங்கேயோ படித்த பழைய பாடத்தைப் பார்த்து பூட்டுக்கு 200 எம்பி தனியாக ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கெர்னலும், எழும்போது அதற்குத் துணையாக ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் சேர்ந்தால் 50, 60 எம்பி ஆகும். ஆரம்பத்தில் தானாக வந்த அப்டேட்கள் வைத்துவிட்டுப் போன மூன்று கெர்னல்கள் அங்கே குந்தியிருந்தன, நாலாவதுக்கு இடமில்லை. இதில் தொல்லை என்னவென்றால், ஒரு பேக்கேஜ் அரைகுறையாக நின்றுவிட்டால் ஆப்ட் வேறு எதையும் செய்ய மாட்டேன் என்கிறது. பழைய கெர்னலை எடுத்துத் தா என்றால், முதலில் உடைந்ததைச் சரிசெய் என்கும். உடைந்ததைச் சரிசெய் என்றால், இடமில்லை என்கும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஆப்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் டிபிகேஜியிடம் நேரடியாகப் போக வேண்டும். முதலில் யூநேம் -ஆர் போட்டு இப்போது எந்தக் கெர்னலில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தொடவே கூடாது. மற்ற பழையவற்றை டிபிகேஜி --பர்ஜ் கொடுத்து, எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து நீக்கினேன். இடம் வந்தது. பிறகு டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ, பாதியில் நின்றதையெல்லாம் முடித்துவை என்று அர்த்தம். அதற்குப் பின் ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். இந்த இரண்டும்தான் என் கணக்கில் லினக்ஸின் சுக்கும் மிளகும், முக்கால்வாசி நோய்க்கு இவை போதும்.

மத்தியானம் மாமி மரச்சீனியும் மீன்கறியும் கொடுத்துவிட்டிருந்தார். சாப்பிடும்போது நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். "ஏலே, 40 நிமிஷத்துல புதுசா போட்டு முடிக்கிற காரியத்துக்கு ஏன் இப்படிச் சாவுற?" நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அவன் சொன்னதுதான் சரியான வழி, ஹோம் ஃபோல்டரை நகலெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுவது. நான் அப்படிச் செய்யாததற்குப் பாதிக் காரணம் வீம்பு. மீதிப் பாதி, அந்த மெஷினில் 2017-இல் என்னென்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ஏதோ அமைத்தேன், தாள் நீளத்துக்கு ஏதோ ஒரு கோப்பைத் திருத்தினேன், பில் போட ஒரு பைத்தான் நிரல் எழுதினேன், அது எதை நம்பி ஓடுகிறது என்று எங்கும் குறித்துவைக்கவில்லை. புதிதாகப் போட்டால் நான் மறந்ததெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும், ஒரு வாரம் கழித்து மாமா வரிசையில் ஆளை நிறுத்திவைத்துக்கொண்டு கூப்பிடுவார். படிப்படியாக ஏற்றினால் உடைவது என் கண் முன்னால் உடையும்.

17.10-க்கு அடுத்த படி 18.04. அந்த முதல் படியைக் கையாலேயே ஏறினேன். சோர்சஸ்.லிஸ்டில் "ஆர்ட்ஃபுல்" (17.10-இன் செல்லப்பெயர்) என்று இருந்த இடமெல்லாம் "பயோனிக்" (18.04-இன் செல்லப்பெயர்) என்று மாற்றி, முகவரியையும் பழைய கிடங்கிலிருந்து வழக்கமான சர்வருக்குத் திருப்பினேன், ஏனென்றால் 18.04 எல்.டி.எஸ்., சாதாரண ஆதரவு 2023 மே மாதம் முடிந்துவிட்டாலும் பேக்கேஜ்கள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஆப்ட் அப்டேட், ஆப்ட் டிஸ்ட்-அப்கிரேட். ஒரு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும் என்றது. என் போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. சரி, இன்றைய கோட்டா இதற்கு. மழையில் சிக்னல் ஏறி இறங்கி, சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் இறக்கி முடித்தது, அவிழ்த்துப் பதிக்க ஆரம்பித்தது.

ஐந்து மணி வாக்கில் ஒரு இடி. கரண்டு போயிற்று.

கடையில் இன்வெர்ட்டர் உண்டு. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, எடை மெஷின் ஓடியது. கம்ப்யூட்டர் செருகியிருந்த பிளக்குக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் கொடுக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பிளக்கின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். "கெட்டுப்போச்சா?" என்றார். "இல்ல மாமா, பாதியில நிக்குது" என்றேன். உள்ளுக்குள் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன்.

கரண்டு வந்து போட்டால், "கெர்னல் பானிக், அன்ஏபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்". புதுக் கெர்னல் வந்துவிட்டது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு பெயருக்கு மட்டும் இருந்தது, அளவு 0. மெஷின் எழும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அது கொஞ்ச தூரம் ஓடி, டிஸ்கை எஃப்எஸ்சிகே போட்டுச் சரிபார் என்று ஒரு கறுப்புத் திரையில் போய் நின்றது. அந்தக் கறுப்புத் திரையிலிருந்தே சரிசெய்யலாம்தான், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பையில் எப்போதும் ஒரு பென்டிரைவில் உபுண்டு 22.04 வைத்திருப்பேன், அதை வைத்து லைவாக, அதாவது டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே, ஏற்றினேன்.

இனிச் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வித்தை தெரிந்தால் "பூட் ஆகல, ஃபார்மேட்தான்" என்ற நிலை அநேகமாக வராது. லைவில் இருக்கும்போது உள்ளே இருக்கும் டிஸ்க் சும்மா படுத்திருக்கும், யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அப்போது எஃப்எஸ்சிகே போட்டால் அது நிதானமாகத் திருத்தும். திருத்தியது, பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆமாம் என்றேன். பிறகு ரூட் பகுதியை (முதன்மைப் பகுதி) எம்என்டி ஃபோல்டரில் ஏற்றி, அதற்குள்ளே பூட் பகுதியையும் ஏற்றி, லைவ் சிஸ்டத்தின் டெவ், ப்ராக், சிஸ் என்ற மூன்று ஃபோல்டர்களையும் அதற்குள்ளே பைண்ட் செய்தேன், அங்கேயும் தெரியும்படி இணைத்தேன். இணையம் வேண்டும் என்பதால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் உள்ளடக்கத்தையும் அங்கே வைத்தேன். அதற்குப் பின் சிஎச்ரூட். அந்த நொடியிலிருந்து நீங்கள் அடிக்கும் கட்டளையெல்லாம் பென்டிரைவில் அல்ல, உடைந்து கிடக்கும் சிஸ்டத்துக்குள் நடக்கும். வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி.

உள்ளே போய் மறுபடியும் அதே சுக்கும் மிளகும். டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் எழுத்துரு பேக்கேஜின் கோப்புப் பட்டியல் சிதைந்திருக்கிறது, கடைசியில் நியூலைன் இல்லை என்று நின்றது. கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அது. வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ ஃபோல்டரில் அந்தப் பேக்கேஜின் பெயரில் இருந்த .லிஸ்ட் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பேக்கேஜை மறுபடியும் போட்டேன். நல்லவேளை, ஸ்டேட்டஸ் என்ற முக்கியமான கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போயிருந்தாலும் பக்கத்திலேயே ஸ்டேட்டஸ்-ஓல்டு என்று ஒன்று இருக்கும், வார்/பேக்கப்ஸ் ஃபோல்டரிலும் பழைய பிரதிகள் இருக்கும், அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பேக்கேஜ்கள் எல்லாம் ஆப்டின் கேஷ் ஃபோல்டரில் அப்படியே இருந்தன, ஒரு ஜிபியை மறுபடி இறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேறு இல்லை.

சிஎச்ரூட்டில் இருக்கும்போதே அந்த 200 எம்பி பூட்டுக்கும் ஒரு முடிவுகட்டினேன். அடுத்தடுத்த பதிப்புகளின் இனிட்ராம்எஃப்எஸ் இன்னும் பெரிதாகத்தான் இருக்கும், ஒவ்வொரு படியிலும் இதே சண்டை வரும். பூட்டில் இருந்ததையெல்லாம் ரூட் பகுதிக்கே நகலெடுத்து, எந்தப் பகுதியை எங்கே ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பூட் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு முடக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கி, க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப். எழுப்பும் முறை பழைய பயாஸ், புதிய யுஇஎஃப்ஐ இல்லை, அதனால் இது சுலபமாக முடிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு 18.04 எழுந்து வந்தது. கடைசி பஸ் போயிருந்தது, மாமா வீட்டிலேயே படுத்துவிட்டேன்.

மீதி இரண்டு படிகளில் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை 18.04-லிருந்து 20.04, அடுத்த சனிக்கிழமை 20.04-லிருந்து 22.04. இரண்டும் அடுத்த பதிப்புக்கு ஏற்றும் டூ-ரிலீஸ்-அப்கிரேட் கட்டளை வைத்து. எல்.டி.எஸ்.ஸிலிருந்து நேராக அடுத்த எல்.டி.எஸ்.ஸுக்குப் போகலாம், ஆனால் நடுவில் ஓர் எல்.டி.எஸ்.ஸைத் தாண்டிக் குதிக்க முடியாது. ரிலீஸ்-அப்கிரேட்ஸ் கோப்பில் ப்ராம்ப்ட் என்ற இடத்தில் எல்.டி.எஸ். என்று மாற்றிவைத்தேன், 2017 புத்தி எனக்கே மறுபடி வந்துவிடக் கூடாதே. நடுவில் "இந்த அமைப்புக் கோப்பை நீ திருத்தியிருக்கிறாய், உன்னுடையதை வைக்கவா, புதியதை வைக்கவா?" என்று கேட்கும். அவசரப்பட்டு ஒய் அடிக்காமல் டி அடித்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். பிரிண்டர் தாள் நீளத்தை நான் எந்தக் கோப்பில் மாற்றியிருந்தேன் என்பது அப்படித்தான் கிடைத்தது. 24.04 அந்த ஏப்ரலில்தான் வந்திருந்தது, ஆனால் பழைய எல்.டி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு 24.04.1 வந்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள், எனவே 22.04-இல் நிறுத்தினேன். 2027 வரை மூச்சு விடலாம். இம்முறை பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடைந்தது ஒன்றே ஒன்று, எதிர்பார்த்ததுதான். 20.04-க்கு வந்ததும் பில் நிரல் திறக்கவில்லை. அதை நான் பைத்தான் 2-இல் எழுதியிருந்தேன், அது நம்பியிருந்த, திரையில் ஜன்னல் வரையும் பழைய நூலகம் 20.04-இல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பைத்தான் 3-க்கு மாற்றினேன். பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடுவது, இப்படிச் சில்லறை வேலைகள். முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய பில் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து அதே எடையைப் போட்டுப் பார்த்தேன். தொகை வேறாக வந்தது.

23 கிலோ 470 கிராம். பழைய பில்லில் 23.4 கிலோவுக்குக் கணக்கு. புதியதில் 23.47. இன்னொரு பில், அதிலும் அப்படியே. கிராமை 100-ஆல் வகுக்கும் ஒரு வரி. பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியைத் தள்ளிவிட்டு முழு எண்ணாகவே தரும், பைத்தான் 3-இல் தசமத்தோடு தரும். அதாவது ஆறரை வருஷமாக என் நிரல் ஒவ்வொரு பில்லிலும் 100 கிராமுக்குக் கீழே இருப்பதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. 70 கிராம் என்றால் அன்றைய விலைக்கு 14 ரூபாய். ஷீட் கொண்டுவருகிறவர்கள் பாதிப் பேர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். எத்தனை பில் இருக்கும்! கை நடுங்கிவிட்டது எனக்கு. மாமாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, வகுத்தல், தசமம் என்று உளறிக்கொட்டினேன்.

மாமா பில் கட்டை என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு பில்லிலும் மொத்தத் தொகைக்குக் கீழே நீல மையில் சின்னதாக ஓர் எண், பக்கத்தில் ஒரு கீறல். நான் காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சுமை கூலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டர் அம்பது, அறுவது கிராமை முழுங்கும்னு மொத வாரமே தெரியும் மக்களே," என்றார். "நீ ஆசையா செஞ்சு தந்தது, உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன். பேனாவுல கூட்டி எழுதிக் குடுத்துருவேன்."

அடுத்த சனிக்கிழமை 22.04-இல் பேங்க் பக்கம் திறந்தது. மழை விட்டு வெயில் காட்டியிருந்தது, இரண்டு பேர் ஷீட்டோடு வந்தார்கள். புது நிரலில் முதல் பில் சரசரவென்று அடித்து வெளியே வந்தது. மாமா தாளைக் கிழித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார். எண் எதுவும் எழுதாமல் ஒரு கீறல் மட்டும் போட்டார், பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.